கோகிலா பேரில் போன ரத்தம்

போன மாதம் சுகன்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு லேபில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

“அக்கா, நம்ம லேபுக்குப் புதுசா ஒரு சாஃப்ட்வேர் வந்திருக்குதுங்க. ஆம்பளைங்க விந்து சாம்பிள்கூடத் தர வேண்டாமாம். ரத்தத்துல பார்த்த நாலஞ்சு ஹார்மோன் எண்ணை உள்ள போட்டா, குறை இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு அதுவே சொல்லிருது. இனி உங்களையெல்லாம் நாங்க தேடவே மாட்டோம் பாருங்க.”

“தேடாதீங்க சாமி. ஊசி குத்தறதுக்காவது ஆள் வேணுமா, இல்ல அதையும் அதுவே பாத்துக்குதா?” என்றேன். அவள் சிரித்தாள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். விந்துப் பரிசோதனை என்ற வார்த்தையைக் கேட்டதுமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய எத்தனை ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். கையை நீட்டி ரத்தம் கொடுப்பதோடு ஆரம்பித்தால் அவர்களில் பாதிப் பேராவது உள்ளே வருவார்கள். நல்லதுதானே.

“சரி, அது முதல்ல என்ன கேட்குது?”

“வயசு கேட்குது. அப்புறம் எஃப்.எஸ்.எச். எவ்வளவு, எல்.எச். எவ்வளவு, டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவுன்னு வரிசையாக் கேட்குது.”

“யாரோட ரத்தம்னு கேட்குதா?”

“அதெல்லாம் பார்கோடுல இருக்குமில்லீங்க அக்கா” என்றாள் சுகன்யா, இது தெரியாதா என்கிற குரலில்.

பார்கோடில் இருக்கும். என் கையால் ஒட்டிய பார்கோடில் இருந்தது எதுவென்று எனக்கல்லவா தெரியும். அன்றைக்கே அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். எழுதியும் வைத்துவிடுங்கள் என்றாள். அதனால்தான் இது.

நான் குமாரபாளையத்துக்காரி. வீட்டில் நாலு விசைத்தறி. பிளஸ் டூ முடித்ததும் லேப் டெக்னீஷியன் படிப்பு, ஈரோட்டில் ஒரு சின்ன லேபில் இரண்டு வருஷம் சர்க்கரையும் சிறுநீரும் பார்த்தது, கல்யாணம், சேலத்துக்குக் குடிவந்தது எல்லாம் மளமளவென்று நடந்தன. சேலத்தில் குழந்தையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு தனியார் மையத்தில் சேர்ந்தேன். மாடியில் டாக்டர்கள், கீழே லேப். இருபத்தெட்டு வருஷம் அந்த லேபை விட்டு நகரவில்லை.

லேபுக்குத் தலைவர் டாக்டர் நூர்ஜஹான். சேலம் டவுனில் ஜவுளி வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். அந்தக் குடும்பத்தில் முதல் டாக்டர். குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசிக் கேட்டதில்லை. கோபம் வந்தால் மேஜை டிராயரைத் திறந்து பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பிப்பார். சுருள் சுருளாகச் சீவல் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குப் பதில் நாலு திட்டு வாங்கிவிடலாம் என்று தோன்றும். அவருக்கு இன்னொரு பழக்கம். ரிப்போர்ட்டை நீட்டினால் எண்ணைப் பார்க்க மாட்டார். பேர், வயசு, ஆணா பெண்ணா, எத்தனை மணிக்கு எடுத்தது, தூங்கி எழுந்து வந்தாரா என்று கேட்டு முடித்த பிறகுதான் கண்ணாடியை மாட்டுவார்.

ஆண்களின் ஹார்மோன் ரத்தம் எடுப்பதில் அவர் வைத்த சட்டத்தை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பினால்கூடச் சொல்லுவேன். காலை எட்டு மணியிலிருந்து பத்துக்குள் எடுக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் காலையில் ஏறி, பொழுது போகப் போக இறங்கும். முந்தின ராத்திரி தூங்கியிருக்க வேண்டும். வந்தவுடன் குத்தக் கூடாது, அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். பயத்தில் சில ஹார்மோன்கள் எகிறிவிடும். எங்கள் பக்கத்து ஆண்களோ யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பொழுது சாய்ந்த பிறகு, துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு வருவார்கள். நாமக்கல் லாரிக்காரர் ஒருவர் இரண்டு நாள் தூங்காமல் வண்டி ஓட்டி, நேரே எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு வந்து கையை நீட்டினார். “இப்ப எடுத்தா உங்க அசதியோட எண்ணுதான் வரும், உங்க எண்ணு வராது. ஊட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பினார் டாக்டர்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் ஒரு சுரப்பி விரைக்கு இரண்டு உத்தரவு அனுப்பும். டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்வது எல்.எச்., விந்தணுவை உண்டாக்கச் சொல்வது எஃப்.எஸ்.எச். கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் நாம் குரலை உயர்த்துவோம் இல்லையா, அதுபோல் அங்கே வேலை நடக்காவிட்டால் இந்த எண் ஏறும். ஏறினால் விந்தணு கிடைப்பது கஷ்டம் என்று அர்த்தம். கஷ்டம்தான், இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. ராசிபுரத்துத் தறிக்காரர் ஒருவருக்கு இருக்க வேண்டியதைப் போல் மூன்று பங்கு இருந்தது. இரண்டு ஊரில் கையை விரித்துவிட்டார்கள். எங்கள் சர்ஜன் விரையிலிருந்து துணுக்குத் துணுக்காகத் திசு எடுத்துக் கொடுக்க, மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துத் தேடினோம். மூன்றாவது மணி நேரத்தில் வாலாட்டிக்கொண்டு ஒன்று தெரிந்தது. நான் கத்திய கத்தலில் மாடியில் இருந்தவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். அந்தக் குழந்தையின் காதுகுத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் குழந்தையில்லை என்றால் வைத்தியமெல்லாம் பெண்ணுக்குத்தான். ஆண் ரத்தம் கொடுத்தால்கூட அவன் பேரில் எழுத விடமாட்டான். “என் சம்சாரம் பேர்ல போடுங்க, ஊட்டுல யாராச்சும் கவரைப் பார்த்தா அசிங்கம்” என்பான். கையால் எழுதிய காலத்தில் நாங்களும் மனைவி பேரை எழுதி, பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்போம். புள்ளி இருந்தால் அது புருஷன் ரத்தம். மாடியில் இருந்த டாக்டர்களுக்கும் அது தெரியும். பார்கோடு இயந்திரம் வந்த அன்று டாக்டர் நூர்ஜஹான் எங்களைக் கூட்டி வைத்து, “புள்ளி இன்னையோட சரி. அவங்கவங்க ரத்தம் அவங்கவங்க பேர்ல” என்றார். எல்லோரும் தலையாட்டினோம். என் தலையும்தான் ஆடியது.

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் செல்வராஜும் கோகிலாவும் வந்தார்கள். புதுச்சத்திரத்துக்கு உள்ளே ஒரு ஊர். அவருக்கு முப்பத்தி நாலு வயசு, போர்வெல் ரிக் வண்டி டிரைவர். வருஷத்தில் எட்டு மாதம் வடக்கே இருப்பார். கல்யாணமாகி ஏழு வருஷம். அந்தப் பெண்ணுக்குப் பார்க்காத டெஸ்ட் இல்லை, எல்லாம் சரியாகவே இருந்தது. நாமக்கல்லில் பார்த்த டாக்டரம்மா, புருஷன் விந்துப் பரிசோதனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றதும், ரத்தமாவது கொடுக்கட்டும் என்று சீட்டு எழுதி அனுப்பியிருந்தார்.

செல்வராஜ் என்னிடம் தணிந்த குரலில், “ஏனுங்க அக்கா, ரத்தம் எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கங்க. பேரு மட்டும் கோகிலா பேராப் போட்டுருங்க. எங்கண்ணன் தம்பியெல்லாம் ஒரே ஊட்டுல இருக்கறோம்” என்றார். அந்தப் பெண்ணும், “போட்டுருங்க அக்கா, எனக்கு ஒண்ணும் இல்லைங்க” என்றாள். என் தம்பியே கெஞ்சுவதுபோல் இருந்தது. சரி என்றேன். கோகிலா, பெண், இருபத்தொன்பது. பார்கோடு அச்சாகி வந்தது. பழக்க தோஷத்தில் டியூப் மேல் ஒரு சிவப்புப் புள்ளியும் வைத்தேன். இயந்திரத்துக்குப் புள்ளி தெரியாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். டாக்டரிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று கூட்டம், சொல்லவில்லை.

மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் தரையில் கிடந்தன. டெஸ்டோஸ்டிரோன் ஒரு பெண்ணுக்கு இருக்க வேண்டிய அளவுதான், பெண் என்று நான் போட்டிருந்ததால் இயந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. புரோலாக்டின்தான் இயந்திரத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. தாய்மார்களுக்குப் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் அது. ஆண்களுக்கும் கொஞ்சம் இருக்கும். டாக்டர், ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நீர்க்கக் கலந்து மறுபடி போடச் சொன்னார். இரண்டாயிரத்தைத் தாண்டியது. சாதாரணமாக இருபது, முப்பதுக்குள் இருக்க வேண்டியது.

“மல்லிகா, இந்தம்மா கர்ப்பமா? கைக்குழந்தை இருக்கா?”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். “தெரியலைங்க மேடம்” என்றேன். இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது. டாக்டரே போன் போட்டார். எடுத்த செல்வராஜ், அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்ததும் கூட்டி வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். ‘அவசியம் மறுபரிசோதனை செய்ய வேண்டும்’ என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட, ரிப்போர்ட் அவர்கள் வீட்டுக்குப் போயிற்று.

ஆறாம் நாள் கோகிலா தனியாக பஸ் ஏறி வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ரத்தம் எடுக்கும் அறையில் என்னைப் பிடித்துக் கதவைச் சாத்தினாள்.

“அக்கா, ரிப்போர்ட்டை எங்க மாமியார் எடுத்துட்டாங்க. சேந்தமங்கலத்துல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கற அவங்க அண்ணன் மகன்கிட்ட காட்டியிருக்காங்க. அவரு, இது பால் சுரக்கற ஹார்மோன், புள்ளை பெத்தவங்களுக்குத்தான் இத்தனை ஏறும்னு சொல்லிட்டாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே நான் ஒண்ணு பெத்துட்டு வந்துட்டேன்னு ஊட்டுல பேச்சாயிருச்சு. ஞாயித்துக்கெழமை பெரியவங்களைக் கூட்டி வச்சு என்னை அனுப்பிரப் போறாங்க.”

அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். “உங்க ஊட்டுக்காரர் என்ன சொன்னாரு?”

“அவரு ஒண்ணும் சொல்லலைங்க. குனிஞ்சுட்டே உட்கார்ந்திருந்தாரு.”

“நீ சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிங்க அக்கா சொல்றது? அப்புறம் அவரு அந்த ஊருக்குள்ள தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா? ஏற்கெனவே நொந்து போயிருக்காரு. போன மாசம் வண்டியைக் காம்பவுண்டுச் சுவர்ல உரசிட்டாரு. அதுக்கு முன்னாடி டோல்கேட்டுல. எதிர்ல வர்றது தெரியுதாம், பக்கத்துல வர்றது தெரியலையாம். எந்நேரமும் தலைவலி வேற. ஓனர் திட்டறாரு.” கையை நீட்டினாள். “இப்ப என் ரத்தத்தை எடுங்க. எனக்கு சரியாத்தான் வரும். அந்தக் காயிதத்தைக் காட்டுனா என் மேல பழி போயிரும், அவரு பேரும் வெளிய வராது.”

கெட்டிக்காரி. அதைவிடச் சுலபமான வழி இல்லை. அவள் மானம் பிழைக்கும், என் வேலையும் பிழைக்கும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. நரம்பு புடைக்கக் கட்டும் டூர்னிக்கேட் ரப்பரை அவள் கையில் கட்டியும் விட்டேன். பக்கத்தில் வருவது தெரியவில்லை என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் காகிதம் கோகிலாவைக் காப்பாற்றும். அந்த இரண்டாயிரத்தைச் சுமந்துகொண்டு ஒரு மனுஷன் ரிக் வண்டி ஓட்டிக்கொண்டே இருப்பான். கட்டை அவிழ்த்துவிட்டு, “சித்த நேரம் இரு சாமி” என்று சொல்லிவிட்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் டிராயரைத் திறந்தார், பென்சிலை எடுத்தார், சீவினார். ரிக் வண்டி என்று நான் சொன்ன இடத்தில் சீவுவது நின்றுவிட்டது.

“அந்த மனுஷன் இப்ப வண்டி ஓட்டிட்டு இருக்காரா?”

“ஆமாங்க மேடம்.”

“கோபமெல்லாம் அப்புறம். முதல்ல அவருக்குப் போன் போடு. வண்டியைத் தொடாம பஸ்ல வரச் சொல்லு.”

சாயங்காலத்துக்குள் செல்வராஜ் வந்துவிட்டார். டாக்டர் அவரைத் தன் எதிரில் உட்கார வைத்து, தன் மூக்கையே பார்க்கச் சொன்னார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து விரல்களை அசைத்தார். எப்போது தெரிகிறது என்று சொல்லுங்கள் என்றார். கைகளை மெதுவாக உள்ளே கொண்டுவந்தார். செல்வராஜுக்குப் பின்னால் நின்ற எனக்கே விரல்கள் எப்போதோ தெரிந்துவிட்டன. அவர் வாயைத் திறக்கவில்லை. கைகள் டாக்டரின் காதருகே வந்த பிறகுதான், “இப்பத் தெரியுதுங்க” என்றார். கோகிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு, அதுல கட்டி இருக்கும்னு நினைக்கிறேன். கண்ணுக்குப் போற நரம்பை அழுத்துது. மற்ற ஹார்மோனையும் அதுதான் அமுக்கி வச்சிருக்கு. குழந்தை இல்லாததுக்கும் அதுதான் காரணம். பெரும்பாலும் புற்றுநோய் கிடையாது. மாத்திரையிலேயே கரையும். ஆனா விட்டா கண்ணு போயிரும்.” ஒரு சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். “ஸ்கேன் எடுக்கணும். அதுக்கு முன்னாடி நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு உங்க பேர்ல மறுபடி ரத்தம் எடுக்கணும். உங்க வீட்டுல யாருக்கும் நான் எதுவும் சொல்ல மாட்டேன். அது உங்க விஷயம். ஆனா இந்தப் பொண்ணு இத்தனை நாளா உங்களுக்காக வாயை மூடிட்டு இருக்கா.”

செல்வராஜ் எழுந்து போனார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஏழே முக்காலுக்கு நாலு பேராக வந்தார்கள். செல்வராஜ், கோகிலா, அவர் அம்மா, அந்த மெடிக்கல் ஷாப்காரர். கவுண்டருக்கு முன்னால் இருபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரம் உட்கார வைத்த பிறகு செல்வராஜைக் கூப்பிட்டேன். உள்ளே வாங்க என்றேன். “வேண்டாமுங்க, இங்கயே எடுங்க” என்று கவுண்டர் மேலேயே கையை வைத்தார். சட்டத்தில் இல்லாததுதான். என் பின்னால் வந்து நின்ற டாக்டர் கண்ணாலேயே சரி என்றார்.

“பேரு?” என்றேன்.

“செல்வராஜ். ஆம்பளை. முப்பத்தி நாலு வயசு. நல்லா எழுதிக்கங்க.” அம்மா பக்கம் திரும்பினார். “அம்மா, போன வாரம் கொடுத்ததும் என் ரத்தந்தான். பேருதான் இவ பேரு. மாமன் மகன் படிச்ச நம்பரெல்லாம் என்னுது.”

மெடிக்கல் ஷாப்காரர் மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா மகனைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்த்தார். “ஏஞ்சாமி, நான் அத்தனை பேச்சுப் பேசினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“அவரே சொல்லட்டும்னு இருந்தனுங்க அத்தை” என்றாள் கோகிலா. அதற்குமேல் அவளால் முடியவில்லை, அந்த அம்மா தோளிலேயே சாய்ந்து அழுதாள். எனக்கும் கண்ணை மறைத்தது. ரத்தம் எடுத்து முடித்து, செல்வராஜின் கையைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஸ்கேனில் கட்டி இருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். கண் சரியாகும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள். இரண்டாம் மாதம் பக்கவாட்டுப் பார்வை திரும்ப ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் காலை எட்டு மணிக்கு வந்து, தன் பேரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி ரத்தம் கொடுப்பார் செல்வராஜ். புரோலாக்டின் இறங்க இறங்க, தரையில் கிடந்த மற்ற எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தன. அந்தத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல் இருக்கும்.

என் கணக்கையும் டாக்டர் மறக்கவில்லை. நடந்ததை என் கையால் எழுதித் தரச் சொன்னார். வேலை போயிற்று என்று நினைத்துத்தான் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே, ‘நோயாளியை நேரில் பார்க்காமல் ரிப்போர்ட்டை வெளியே விட்டது என் தவறு’ என்று எழுதித் தானும் கையெழுத்துப் போட்டார். ஃபைலில் வைக்கச் சொன்னார். சிவப்புப் பேனாவை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அப்புறம் பதினொரு வருஷம் அவரோடு வேலை செய்தேன். ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

இதையெல்லாம் சுகன்யாவிடம் சொல்லி முடித்தபோது, “அப்புறம் அவங்களுக்கு என்னாச்சுங்க அக்கா?” என்று கேட்டாள்.

செல்வராஜ் மாத்திரை ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, கவுண்டரில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். எதிரில் கர்ப்பம் உறுதியாகியிருக்கிறதா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டியது ஒரு கை. நிமிராமலே, “யாரோட ரத்தம்? பேரு?” என்று கேட்டேன்.

“இந்தத் தடவை என் ரத்தந்தானுங்க அக்கா” என்றாள் கோகிலா. “என் பேர்லயே எழுதுங்க.”